சிசிலியின் கப்போனாட்டா: முதன்முறை செய்பவர்களுக்கு

இத்தாலியின் சிசிலித் தீவின் சமையலைக் கற்க விரும்பினால் பாஸ்தாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கப்போனாட்டா என்னும் கத்தரிக்காய்ப் பதார்த்தத்தைச் செய்யுங்கள். கத்தரிக்காயும் கரும்பும் அரபியர் வழியாக அந்தத் தீவுக்கு வந்தவை. அவர்களுடைய படையெடுப்பு தொடங்கியது 827இல். வினிகரின் புளிப்பும் சர்க்கரையின் இனிப்பும் கலந்த சுவையை அங்கே ‘அக்ரோதோல்ச்சே’ என்கிறார்கள். இந்தப் பதார்த்தத்தின் உயிரே அதுதான்.

நான்கு பேருக்கு: கருநீலப் பெரிய கத்தரிக்காய் 750 கிராம், செலரித் தண்டு 3, பெரிய வெங்காயம் 1, பழுத்த தக்காளி 300 கிராம், கொட்டை நீக்கிய பச்சை ஆலிவ் 100 கிராம், உப்பிட்ட கேப்பர் 2 மேசைக்கரண்டி, வெள்ளை ஒயின் வினிகர் 4 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, கொஞ்சம் பைன் கொட்டை, பேசில் இலை, தேவையான ஆலிவ் எண்ணெய்.

1. கேப்பர் என்பது விரியாத பூமொட்டு. பான்டெல்லேரியா என்னும் எரிமலைத் தீவில் விளைவதற்குத் தனி மதிப்பு. உப்பைக் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள்.

2. கத்தரிக்காயை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, உப்புத் தூவி வடிதட்டில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும். சூடான எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பொன்னிறமாகப் பொரியுங்கள். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும், துண்டுகள் எண்ணெய் குடித்துக் குழைந்துபோகும். நேரம் அதிகம் பிடிப்பது இங்கேதான், பிடிக்கட்டும்.

3. செலரியை நறுக்கி, உப்பு நீரில் 4 நிமிடம் வேகவைத்து வடிகட்டுங்கள்.

4. மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயத்தைச் சிறு தீயில் வதக்குங்கள். தக்காளி சேர்த்துக் கெட்டியானதும் செலரி, ஆலிவ், கேப்பர் மூன்றையும் போடுங்கள்.

5. சர்க்கரையை வினிகரில் கரைத்து ஊற்றி, தீயைக் கூட்டுங்கள். மூக்கில் ஏறும் நெடி அடங்கியதும் ருசி பாருங்கள். முதலில் இனிப்பும் பின்னால் புளிப்பும் தெரிந்தால் சரி. புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுங்கள். உப்பையும் இப்போதுதான் பார்க்க வேண்டும், கேப்பரிலும் ஆலிவிலும் ஏற்கெனவே இருக்கிறது.

6. கத்தரிக்காயைச் சேர்த்து உடையாமல் புரட்டி, 5 நிமிடத்தில் இறக்குங்கள். வறுத்த பைன் கொட்டையும் பேசிலும் மேலே.

சிசிலியின் கத்தானியா நகரத்துப் பக்கம் குடமிளகாயும் சேர்ப்பார்கள். எனக்கு அது இல்லாத, தலைநகர் பலேர்மோவின் முறையே பிடிக்கும், கத்தரிக்காய் முன்னால் நிற்கிறது.

சூடாகப் பரிமாறாதீர்கள். ஒரு இரவு குளிர்பெட்டியில் இருந்தால்தான் புளிப்பும் இனிப்பும் ஒன்றுகலக்கும். மறுநாள் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவைத்து, ரொட்டியோடு உண்ணுங்கள்.

ஒயின் அருந்துபவர்கள் கனமான சிவப்பு ஒயினைத் தவிர்க்கலாம். வினிகர் அதன் துவர்ப்பைக் கடுமையாக்கிவிடும். என் தேர்வு செராசுவோலோ டி விட்டோரியா. நேரோ தாவோலா, ஃப்ராப்பாட்டோ என்ற இரு திராட்சைகளின் கலவை அது. 2005இல் இத்தாலியின் மிக உயர்ந்த ஒயின் தரமான டிஓசிஜி பெற்றது. சிசிலியில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற ஒயின் இதுதான். லேசாகக் குளிர்வித்து ஊற்றினால் செர்ரிப் பழ மணம் எழும். பான்டெல்லேரியாவின் பாசித்தோ ஒயினை மட்டும் இதோடு வைக்காதீர்கள். வெயிலில் உலர்த்திய சிபிப்போ திராட்சையின் தேன் இனிப்பு அதில் இருக்கிறது. பாதாம் பிஸ்கட்டோடு, சாப்பாடு முடிந்த பிறகு அதற்கு இடம் உண்டு.