முதலில் கரிமத்தை எடுங்கள், குளோரின் அப்புறம்

இலை தழை மக்கிய மண்ணைத் தாண்டி வரும் ஏரி, ஆற்றுத் தண்ணீரில் ஹியூமிக், ஃபல்விக் அமிலங்கள் (மக்கியதிலிருந்து வரும் கரிமப் பொருள்கள், சுருக்கமாகக் கரிமம்) கரைந்திருக்கும். 0.45 மைக்ரான் வடிதாளிலேயே இவை நிற்காது என்றால் மணல் வடிகட்டியில் எங்கே நிற்கப்போகிறது! லேசான பழுப்பு நிறத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் குளோரின் போட்டதும் இந்தக் கரிமம் அதோடு வினைபுரிந்து ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற உடலுக்குக் கேடான சேர்மங்களை உண்டாக்கும். 1974-லேயே தெரிந்துவிட்ட விஷயம் இது. ஆகவே சுத்திகரிப்பு நிலையத்துக்குள் தண்ணீர் வந்ததும் குளோரின் போடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

அடுத்து, தண்ணீரை வடிகட்டி, 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை ஒரு மீட்டருக்கு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து, அதைக் கரைந்த கரிமத்தின் அளவால் (லிட்டருக்கு மில்லிகிராம்) வகுங்கள். விடை 4-க்கு மேல் என்றால், கரிமத்தைத் திரளாக்கிப் படியவைக்கப் படிகாரம் நன்றாக வேலை செய்யும். 2-க்குக் கீழே என்றால் கரிமத்துக்காகப் படிகாரத்தைக் கொட்டிப் பெரிய பயனில்லை.

சரி, படிகாரம் எவ்வளவு? ஜார் டெஸ்ட் செய்யாமல் சொல்லவே முடியாது. ஆறு ஜாரில் ஒரே தண்ணீர், ஆறு வெவ்வேறு அளவு படிகாரம். ஒரு நிமிடம் வேகமாக, 20 நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரைமணி நேரம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை வடித்து மறுபடி அதே ஒளி உறிஞ்சுதலைப் பாருங்கள். பலர் இங்கே கலங்கலை மட்டும் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். கலங்கல் போகப் போதுமான அளவு பெரும்பாலும் கரிமம் போகப் போதாது. பிஹெச் 5.5 முதல் 6.5-க்குள் இருந்தால்தான் படிகாரம் கரிமத்தை நன்றாகப் பிடிக்கும். ஒரு மில்லிகிராம் படிகாரம் சுமார் அரை மில்லிகிராம் காரத்தன்மையை (அமிலத்தைத் தாங்கிப் பிஹெச்சை இறங்கவிடாத தன்மை) தின்றுவிடும், அதனால் காரத்தன்மை குறைவான தண்ணீரில் பிஹெச் மளமளவென்று இறங்கி அலுமினியம் கரைந்தே நிற்கும், அதிகமான தண்ணீரில் இறங்கவே இறங்காது, கொஞ்சம் அமிலம் சேர்க்க வேண்டிவரும். எப்படியானாலும் கடைசியில் பிஹெச்சை ஏற்றிவிட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் குழாய் அரிக்கும்.

மிஞ்சும் சிறு மூலக்கூறுகளுக்கு, அவற்றைத் தன்மேல் ஒட்டிப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைக் கரி) படுகை, 10 முதல் 20 நிமிடத் தொடர்பு நேரத்தோடு. வெளிவரும் தண்ணீரில் கரிமம் ஏறத் தொடங்கினால் கார்பன் நிறைந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். அயனிப் பரிமாற்றப் பிசினும் நானோ வடிகட்டியும் நன்றாகவே எடுக்கும், ஆனால் கழிவு உப்புநீரை எங்கே விடுவது என்று முன்பே யோசித்துவிடுங்கள். ஓசோனை மட்டும் நம்பாதீர்கள். அது கரிமத்தை உடைத்துப் பாக்டீரியாவுக்குத் தீனியாக்கும், பின்னால் உயிரியல் வடிகட்டி கட்டாயம் வேண்டும்.

பெருமழைக்குப் பிறகு கரிமம் சட்டென்று ஏறும், அன்றைக்கே ஜார் டெஸ்டை மறுபடி செய்யுங்கள்.