ஒலியால் குளிரூட்டி செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் ஓர் அக்ரிலிக் குழாய். ஒரு முனையில் பீசோ ட்வீட்டர் (கீச்சென்ற ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்), மறுமுனைக்கு அருகே தேன்கூடு போலத் துளைகள் நிறைந்த ஒரு செராமிக் துண்டு. "எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. ஆனா ஜில்லுன்னே ஆகல." அந்தத் துண்டைப் பார்த்ததுமே எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. பல வருடங்களுக்கு முன் அதே மாதிரி ஒரு துண்டை வைத்துக்கொண்டு இரண்டு மாதத்தை வீணாக்கியவன் நான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழாய்க்குள் சரியான அதிர்வெண்ணில் ஒலியைச் செலுத்தினால் நிலை அலை, அதாவது நகராமல் நின்ற இடத்திலேயே அதிரும் அலை, உண்டாகும். காற்று அழுந்தும்போது சூடாகும், விரியும்போது குளிரும். உள்ளே நெருக்கமான தகடுகளை அடுக்கி வைத்தால் (துளைகள் நிறைந்த துண்டின் சுவர்களும் தகடுகள்தான்), மூடிய முனைப் பக்கம் நகர்ந்து அழுந்தும் காற்று தன் சூட்டைத் தகட்டில் விட்டுவிடும். பின்னால் வந்து விரியும்போது அங்கிருக்கும் தகட்டிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குத் தளம் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவார்களே, அதே மாதிரி சூடு ஒரு முனைக்குப் போய்ச் சேரும். கம்ப்ரெஸரும் வேண்டாம், குளிர்வாயுவும் வேண்டாம்.

இது வெறும் விளையாட்டு இல்லை. அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவன் காரெட் குழு செய்த ஒலிக் குளிரூட்டி 1992 ஜனவரியில் டிஸ்கவரி விண்ணோடத்தில் பறந்தது. 2004-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஐஸ்கிரீம் பெட்டியே செய்து காட்டினார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஓரெஸ்ட் சிம்கோ குழு கணினிச் சில்லுகளின் சூட்டைச் சமாளிப்பதற்காக ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓடும் குட்டிக் கருவிகளைச் செய்தது. மாணவர்களுக்கு ஆசை வருவது இந்தக் கடைசி வகையில்தான். சறுக்குவதும் அங்கேதான்.

வயரை மாற்றிக் கொடுத்தது, குழாய்மூடியில் கசிவு, இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

## தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி

அதிர்வெண்ணைப் பத்து மடங்கு கூட்டினால் குழாயின் நீளம் பத்தில் ஒன்றாகிவிடும். காற்றில் 400 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் ஏறக்குறைய ஒரு சாண். 4,000 ஹெர்ட்ஸுக்கு 2 செ.மீ. இதை எல்லோரும் சரியாகக் கணக்குப் போடுகிறார்கள். அப்புறம் குழாயை மட்டும் சுருக்கிவிட்டு அடுக்கை மறந்துவிடுகிறார்கள்.

ஓர் அதிர்வு முடிவதற்குள் வெப்பம் காற்றில் கொஞ்ச தூரம்தான் பரவ முடியும். 400 ஹெர்ட்ஸில் அந்தத் தூரம் சுமார் 0.13 மி.மீ. 4,000 ஹெர்ட்ஸில் 0.04 மி.மீ. தகடுகளுக்கு நடுவே இதைப்போல இரண்டிலிருந்து நான்கு மடங்கு இடம் விட வேண்டும். அதாவது அந்த மாணவர்களின் குழாய்க்குத் தேவையான இடைவெளி 0.1 மி.மீ. பக்கம், ஒரு தலைமுடியின் கனம்.

அவர்கள் வைத்திருந்ததோ காரின் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் செராமிக். சதுர அங்குலத்துக்கு 400 துளை உள்ள ரகத்தில் ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். நடுவில் போய்வரும் காற்றுக்குச் சுவர் ஒன்று இருப்பதே தெரியாது. காற்றை மட்டும் வைத்து இந்தத் துண்டில் உருப்படியாகக் குளிரெடுக்க வேண்டுமென்றால் நூறு ஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்க வேண்டும். அப்போது குழாய் கிட்டத்தட்ட ஒரு மீட்டராகிவிடும், சட்டைப்பைக்குள் அடங்கும் கருவி என்ற கனவு போச்சு.

ஆளை ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. இதே துண்டைச் சோதனைக்குழாயில் வைத்து ஒரு முனையை நன்றாகச் சூடாக்கினால் குழாய் கணீரென்று பாடும். பல கல்லூரிகளில் அந்தச் செய்முறையைக் காட்டுவார்கள். "பாடுகிறதே, அப்படியானால் தலைகீழாக ஓட்டினால் குளிரும்" என்றுதான் நானும் நினைத்தேன். அங்கே சில நூறு டிகிரி வித்தியாசம் கையில் இருக்கிறது, அடுக்கு ஓரளவு மோசமாக இருந்தாலும் ஓடிவிடும். இங்கே நமக்குக் கிடைப்பதே பத்துப் பதினைந்து டிகிரி.

நான் என்ன செய்தேன்? முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன். ரிச்சி தெருவுக்குப் போய் அதைவிடப் பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன். இரண்டு பீசோவை எரித்தேன். குழாய் முழுவதும் வெதுவெதுப்பானது, ஒரு முனைகூடக் குளிரவில்லை. குழாயின் நீளத்தை மூன்று முறை அளந்தவன் துளையின் அகலத்தை ஒருமுறைகூட அளக்கவில்லை! வெர்னியரை எடுத்து அதை அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதன் மறுபக்கமும் உண்டு. "எல்லா அளவையும் பத்தில் ஒன்றாக்கிவிட்டேன் சார்" என்று ஒரு பையன் ஒருமுறை பெருமையாகச் சொன்னான். நீளம்தான் பத்தில் ஒன்றாகும். இடைவெளி வர்க்கமூலத்தில் சுருங்குவது, மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழேதான் போகும். அவன் கணக்குப்படி 0.4 மி.மீ. என்பது 0.04 ஆகிவிட்டது. அந்தச் சந்துக்குள் காற்றின் பாகுத்தன்மையே அசைவைப் பிடித்து நிறுத்திவிடும், போட்ட மின்சாரம் எல்லாம் உராய்வுச் சூடாகும்.

அதனால் முதல் கருவியை ஒரு சாண் நீளத்துக்கே செய்யுங்கள். 2002-ல் டேனியல் ரஸ்ஸலும் வைபுல் என்பவரும் வெளியிட்ட செய்முறை இன்றும் நல்ல தொடக்கம். பழைய 35 மி.மீ. புகைப்படச் சுருளின் மேல் தூண்டில் நரம்பை வரிசையாக ஒட்டி, பாய் மாதிரி சுருட்டிக் குழாய்க்குள் செருகுவதுதான் அவர்களுடைய அடுக்கு. நரம்பின் கனமே இடைவெளி. 400 ஹெர்ட்ஸுக்கு அருகில் ஓட்டி, சில நிமிடங்களில் இரு முனைகளுக்கும் 15 டிகிரி அளவுக்கு வித்தியாசம் கண்டார்கள். அது கைவந்த பிறகு ஆயிரங்களுக்குப் போகலாம். அங்கே நரம்பு ஒட்டும் வேலை நடக்காது, பஞ்சு, கண்ணாடி இழை மாதிரி எதையாவது அளவாக அடைத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு அடைப்பது என்பது கைப்பழக்கம்.

## செப்புத் தகட்டில் அடுக்கு

வேண்டாம். ஏற்றிய சூடு தகடு வழியாகவே திரும்பி வந்துவிடும்.

## வித்தியாசத்தைக் குளிர் என்று எழுதுவது

"15 டிகிரி சாதித்தோம்" என்று அறிக்கை வரும். தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) காட்டும் அளவுகளைப் பார்த்தால் சூடான முனை 12 டிகிரி ஏறியிருக்கும், குளிர்முனை 3 இறங்கியிருக்கும். அது சூடேற்றி. சூடான முனையில் ஒரு அலுமினிய அடைப்பானையாவது வைத்து அந்தச் சூட்டை வெளியே எடுங்கள். குளிர்முனையில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து, அதன் சூட்டை எத்தனை வாட் வரை தாங்குகிறது என்றும் பாருங்கள். அந்த எண் பெரும்பாலும் வெட்கப்படும் அளவில்தான் இருக்கும். இருந்தாலும் எழுதுங்கள்.

## ஒருமுறை ட்யூன் செய்துவிட்டு டீ குடிக்கப் போவது

உள்ளே இருக்கும் காற்றின் வெப்பநிலை 10 டிகிரி மாறினால் ஒலியின் வேகம் 1.7 சதவீதம் அளவுக்கு மாறும். 4,000 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு (குழாய் மிக வலுவாக அதிரும் அதிர்வெண்) 70 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். சின்னக் குழாயில் அதுவே ஒலியின் வலுவைக் கணிசமாகக் குறைத்துவிடும். மூடிய முனையில் ஒரு சிறிய மைக் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதிர்வெண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

## ஹீலியம்

காற்றுக்குப் பதில் ஹீலியம் நிரப்புவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். விண்ணோடக் கருவியில் ஹீலியத்தோடு செனான் கலந்து, அழுத்தி அடைத்திருந்தார்கள், அதற்குக் காரணம் உண்டு. ஆனால் அதே அதிர்வெண்ணில், சாதாரண அழுத்தத்தில், ஹீலியம் உங்கள் இடைவெளியை மூன்று மடங்கு அகலமாக்கிக் கொடுத்தால் குழாயையும் மூன்று மடங்கு நீளமாக்கிவிடும். கசிவு தனித் தலைவலி.

## காது

குழாய்க்குள் 160 டெசிபல் வரை போகும். மனிதக் காது மிகவும் கூர்மையாகக் கேட்பதும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான். பஞ்சு போதாது, ஃபோம் ஒட்டிய மரப்பெட்டிக்குள் வைத்து ஓட்டுங்கள். நான் பெட்டி செய்யாமல் ஓட்டிய முதல் நாள் மாடிவீட்டுப் பாட்டி இறங்கி வந்து, "யார் வீட்டுலப்பா குக்கர் காலையிலேர்ந்து விசிலடிக்குது, அடுப்பை அணைக்க மறந்துட்டாங்களா?" என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார்.