ஒக்டோபரில் நுவரெலியா போகிறவர்களுக்கு

குருவி பார்க்கத்தான் போகிறோம் என்று சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். "சும்மாதானே வாறீங்க" என்று எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு இருந்தது ஐந்து காலைகள். மூன்றை ஓர் அலுவலகத்து வாங்கில் தொலைத்தேன். அக்காவுக்குக் கிடைக்க வேண்டிய ஏழு பேர்ச் காணிக்கான பத்திரங்களில் அப்பா பெயர் ஒன்றில் முத்தையா, மற்றதில் முத்தயா. இரண்டும் ஒரே ஆள்தான் என்று மகன் நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். முதல் நாள் ஐயா லீவு. இரண்டாம் நாள் சிங்களத்தில் ஒரு படிவம் தந்து, கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அதை வாங்கிக்கொண்ட ஐயா, கோபமே இல்லாமல், "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்றார். பக்கத்தில் அக்கா மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

போன காலைகளைச் சொல்லி நான் வழியெல்லாம் புலம்பினேன். அவளுக்குத் தேயிலை மலையில் மூன்று நாள் பேர், அதாவது மூன்று நாள் சம்பளம், போயிருந்தது. இப்படி யாரையாவது கூட்டிப்போனால் அன்றைய சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். எனக்கு அது விமானத்தில்தான் உறைத்தது.

சரி, குருவிக்கு வருவோம். விக்டோரியா பூங்கா கதவு திறந்ததும் நுழைந்துவிடுங்கள். கூட்டம் சேர்ந்தால் ஒன்றும் நிற்காது. வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு டிக்கெட் விலை வேறு, அதில் ரோசப்பட்டுப் பயனில்லை. காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தாழ்ந்த கிளைகளில் தேடுங்கள். ஆணுக்குத் தொண்டையிலிருந்து நெஞ்சுவரை செம்மஞ்சள், இரு ஓரமும் கறுப்பு. இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இந்த மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வரும். அழுக்காக ஓடும் அந்த ஓடையை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடாதீர்கள். ஆறுமணிக் குருவி சருகு கிளறுவது அதன் கரையில்தான். சாம்பல் வாலாட்டியைத் தேயிலைக்குள் ஓடும் எந்த ஓடையிலும் பார்க்கலாம்.

பூங்காவில் எனக்கு ஆறுமணிக் குருவி கிடைக்கவில்லை. நான்காம் நாள் பொழுதுசாயும்போது, அக்கா இருக்கும் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் அதன் இரட்டை விசில் கேட்டது. பைனாகுலரைத் தேடி ஓடினேன். அக்கா அடுப்பை விட்டு எழும்பாமலே, "பீலிக்கரையில போய்ப் பாரு, அங்கதான் நிக்கும்" என்றாள்.

நின்றது. பச்சை முதுகு, தோளில் ஒரு துண்டு நீலம், கட்டை வாலுக்கு அடியில் சிவப்பு. ஒரு சருகைப் புரட்டிப்போட்டுவிட்டு என்னைப் பார்த்தது. மணி ஆறு பத்து.