இரண்டு பேர் போதும்: மாடியில் கூழ் வற்றலும் தாளிப்பு வடகமும்

வற்றல், வடகம் எல்லாம் கூட்டுக்குடும்பத்து வேலை, வீடு நிறைய ஆள் இருந்தால்தான் ஆகும் என்று பலரும் சொல்லிக் கேட்கிறேன். அப்படி இல்லை. கணவன் மனைவி இரண்டு பேர், ஒரு சனி ஞாயிறு, மேலே வெயில் விழுகிற ஓர் இடம், இவ்வளவு இருந்தால் போதும். நாங்கள் தாம்பரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நான் கும்பகோணம் பக்கம், அவர் கடலூர். என் வீட்டில் கோடை என்றால் கூழ் வற்றல். அவர் வீட்டில் தாளிப்பு வடகம். இரண்டையும் ஒரே மாடியில் நாங்கள் எப்படிப் போடுகிறோம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. அம்மாவிடமோ மாமியாரிடமோ போனில் கேட்டால் அளவு கிடைக்காது. "வெங்காயம் எவ்வளவு அத்தை?" என்றால் "பார்த்துப் போட்டுக்கம்மா" என்பார். அவர்கள் கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராது. அதனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு சின்னத் தராசை எடுத்துப் போங்கள். கடுகை அவர்களே அள்ளிப் போடட்டும், போடுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் வாங்கி எடை பார்த்துக்கொள்ளுங்கள். கடலூரில் அடுக்களைத் தரையில் அத்தைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் செய்தது என் கணவர்தான். மகன் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்ததில் அத்தைக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! உங்கள் அம்மா சமையலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அவர் அம்மா சமையலை அவர் எழுதிக்கொள்ளட்டும். அப்போதுதான் "எங்க வீட்டில் இப்படி இல்லையே" என்ற பேச்சு வராமல் இருக்கும்.

அடுத்தது நாள் பார்ப்பது. மாசிக் கடைசியில் தொடங்கி சித்திரை பாதி வரைக்கும் நல்ல காலம். அக்னி நட்சத்திரம், அதாவது மே 4 வாக்கில் ஆரம்பித்து 28 வரை போகிற கத்திரி வெயிலிலும் போடலாம். ஆனால் பிழிந்த வற்றல் அந்த வெயிலில் ஒரே மூச்சில் காய்ந்து நொறுங்கப் பார்க்கும். சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். ஈரக்காற்று வந்துவிட்டால் வெயில் கண்ணுக்குத்தான் தெரியும், வற்றலுக்கு உறைக்காது. அதனால் காலை 7 மணிக்குள் பிழிந்து முடித்துவிட வேண்டும். வானிலை அறிக்கையில் மழை என்ற சொல் கண்ணில் பட்டாலே அந்த வாரம் வேண்டாம்.

கூழ் வற்றலுக்கு எங்கள் அளவு இது: பச்சரிசி மாவு 2 டம்ளர், ஜவ்வரிசி அரை டம்ளர், தண்ணீர் மொத்தம் 7 டம்ளர், பச்சை மிளகாய் 10, தூள் உப்பு ஒன்றரை டீஸ்பூன், பெருங்காயம் கொஞ்சம், எலுமிச்சம்பழம் 1. ஜவ்வரிசியை முந்தின இரவே ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுங்கள். மிளகாயையும் உப்பையும் சேர்த்து நைசாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்த் திப்பி இருந்தால் அச்சின் கண்ணை அடைத்துக்கொள்ளும்.

காலையில் அடி கனமான பாத்திரத்தில் மூன்றரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஜவ்வரிசியை ஊறின தண்ணீரோடு போடுங்கள். மணி மணியாக, கண்ணாடி மாதிரி தெளிந்ததும் மிளகாய் விழுதும் பெருங்காயமும் சேரட்டும். மிச்சமிருக்கும் 2 டம்ளர் தண்ணீரில் அரிசி மாவைக் கட்டியில்லாமல் கரைத்து வைத்திருப்பீர்கள் அல்லவா, அதை ஊற்றும் இடத்தில்தான் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மெல்லிய தாரையாக ஊற்ற, இன்னொருவர் கை நிற்காமல் கிளற வேண்டும். தனியாகச் செய்தால் ஊற்றும்போது கிளறல் நின்றுபோகும், கட்டி தட்டிவிடும். எங்கள் வீட்டில் கிளறுவது அவர். கூழ் இறுக இறுகக் கரண்டி கனக்கும். தோளில் வலு உள்ளவர் அங்கே நிற்பதுதான் சரி. ஊற்றுகிறவர் "போதுமா, நிறுத்தவா" என்று கேட்டுக்கொண்டே ஊற்றுங்கள். வேறு பேச்சை அப்போது எடுக்காதீர்கள். வீட்டுக்கடன், பையனின் பள்ளிக்கூடக் கட்டணம் எதுவானாலும் கூழ் இறங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம்.

அடுப்பைச் சிறிதாக்கி, மூடி வைத்து, இடையிடையே கிளறிக்கொண்டே இருங்கள். வெந்ததா என்று தெரிந்துகொள்ள, கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு விரல் நுனியால் கூழை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாமல், மேலே பளபளவென்று இருந்தால் வெந்துவிட்டது. பச்சை வாடை துளி இருந்தாலும் இறக்காதீர்கள். வேகாத கூழில் பிழிந்த வற்றல் எண்ணெயில் பொரியாது, பல்லுக்குக் கல்லாக நிற்கும். இறக்கி, சூடு தணிந்த பிறகே எலுமிச்சைச் சாறு. உப்பு நாக்குக்கு ஒரு சிட்டிகை குறைவாகத் தெரிய வேண்டும். தண்ணீரெல்லாம் வற்றிய பின் அது தானாக எழும்பிவிடும்.

இந்த இடத்தில் ஒரு கட்டாயமான வேலை இருக்கிறது. பாத்திரத்தின் அடியில் இரண்டு கரண்டிக் கூழை விட்டுவையுங்கள். ஆளுக்கொரு கிண்ணத்தில் போட்டு, நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சுடச்சுடச் சாப்பிடுங்கள். சின்ன வயதில் நானும் என் தம்பியும் வாழையிலைத் துண்டை நீட்டிக்கொண்டு அடுக்களை வாசலில் நிற்போம், பாட்டி ஆளுக்கொரு கரண்டி போடுவாள். மிளகாய்க் காரமும் எலுமிச்சைப் புளிப்பும் எண்ணெய் வாசமும் சேர்ந்த அந்த ருசி வேறு எந்தப் பலகாரத்திலும் கிடையாது. கடலூரில் வளர்ந்த என் கணவர் அதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் முதன்முதலாகச் சாப்பிட்டார். இப்போது கூழ் கிளறும்போதே அவர் கிண்ணம் மேடையில் தயாராக வந்து உட்கார்ந்திருக்கும்.

பிழிவதற்கு வருவோம். கூழ் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அச்சில் போட வேண்டும். ஆறினால் கை வலிக்கும். தேன்குழல் அச்சு, முள்ளு முறுக்கு அச்சு இரண்டில் எது இருந்தாலும் சரி. ஓமப்பொடி அச்சில் பிழிந்தால் அழகு, ஆனால் எடுத்து வைக்கும்போது பாதி உடைந்துவிடும். விரிப்புக்கு, துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டி எனக்குப் பிடிக்கும். அடிப்பக்க ஈரத்தையும் துணியே இழுத்துக்கொள்ளும். மறுநாள் துணியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தால் வந்துவிடும். பாலித்தீன் ஷீட் என்றால் உரிப்பது சுலபம், காய்வது மெதுவாக. எதை விரித்தாலும் நான்கு மூலைக்கும் கல் வைக்க மறக்காதீர்கள். ஒருவர் பிழியட்டும், இன்னொருவர் அச்சை நிரப்பித் தரட்டும், பாதியில் மாற்றிக்கொள்ளுங்கள். அவர் பிழிவது நீளநீளமாக வரும், நான் பிழிவது வட்டம். எண்ணெயில் எல்லாம் ஒன்றுதான். வடிவத்தைத் திருத்தப் போகாதீர்கள், இதை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்வேன். ஆசையாகச் செய்கிற கையைத் திருத்திக்கொண்டே இருந்தால் அடுத்த வருஷம் அந்தக் கை மாடிக்கு வராது.

சாயங்காலம் முக்கால் காய்ச்சலில் இருக்கும்போது இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. மூன்று நாலு நாள் வெயிலில் போட்டு, ஒடித்தால் 'பட்' என்று சத்தம் வந்தால் ஆயிற்று. சந்தேகமாக இருந்தால் காய்ந்த எண்ணெயில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முழுக்க விரிந்து வந்தால் டப்பாவில் போடலாம், நடுவில் கெட்டியாக நின்றால் இன்னும் ஒரு நாள்.

காவல் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காக்கைக்குக் கறுப்புக் குடையை விரித்து வைப்பார்கள், கறுப்புத் துணி கட்டுவார்கள், சிவப்பு மிளகாயை நடுநடுவே போடுவார்கள். எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஆள் இருக்க வேண்டும். தண்ணீர்த்தொட்டியின் நிழலில் இரண்டு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள், போனைக் கீழேயே வைத்துவிட்டு ஆளுக்கொரு பொழுதுபோக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் கோல நோட்டு கொண்டுபோவேன். வாசலில் இடமில்லாத வீட்டில் 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை என்கிற மாதிரிக் கோலங்களை நோட்டில்தான் போட முடியும். நடுவரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்தி, பிறகு பூவோ மயிலோ. ஒரு காலைப் பொழுது போவதே தெரியாது.

அவர் காக்கையை விரட்டப் போய்ப் பறவை பார்க்க ஆரம்பித்துவிட்டார். பழைய டைரி ஒன்றில் தேதி போட்டு எழுதுகிறார்: கரிச்சான், மைனா, செண்பகம், தேன்சிட்டு, உயரத்தில் வட்டமிடும் பருந்து. சாம்பல் கழுத்துக் காக்கை வேறு, உடம்பெல்லாம் கறுத்த அண்டங்காக்கை வேறு என்று எனக்குக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். வற்றல் போடும் காலமும் காக்கை கூடு கட்டும் காலமும் ஒன்றாக வருகிறது. பக்கத்து மனை மாமரத்தில் ஒரு கூடு இருந்தது. ஒரு நாள் காலை, சிவந்த கண்ணுள்ள கறுப்பு ஆண் குயில் கூவிக்கொண்டே கிளைக்குக் கிளை தாவ, இரண்டு காக்கையும் அதைத் துரத்திக்கொண்டு போயின. அந்த நேரம் பார்த்து, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் குயில் இலைக்குள் இருந்து நழுவிக் கூட்டுக்குப் போனது. அவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார், பேசவில்லை. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். காவலுக்குப் போகாமல் இருந்திருந்தால் இது எங்களுக்குக் கிடைத்திருக்காது.

தாளிப்பு வடகத்துக்கு ஆள் குறைவு, நாள் அதிகம். சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 100 கிராம், உடைத்த கறுப்பு உளுந்து 100, கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, மஞ்சள்தூள் 1 டீஸ்பூன், கல் உப்பு இரண்டு மேசைக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, விளக்கெண்ணெய் ஒரு சின்னக் கிண்ணம். வெள்ளிக்கிழமை ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து இருவருமாக வெங்காயம் உரித்துவிடுங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் தோல் சீக்கிரம் வரும். வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியில் என்றால் இரண்டு சுற்று விட்டு நிறுத்துங்கள், அரைபட்டால் சட்னியாகிவிடும். மற்ற எல்லாவற்றையும் வறுக்காமல் அப்படியே கலந்து, ஜாடியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ துணி கட்டி வையுங்கள். அலுமினியம் வேண்டாம்.

காலையில் தண்ணீர் விட்டிருக்கும். பிழிந்து எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து வெயிலில் வையுங்கள். சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், ருசி அதில்தான் இருக்கிறது. சாயங்காலம் உருண்டைகளை உதிர்த்து மறுபடி அந்தச் சாற்றிலேயே போட்டுப் பிசைந்து வையுங்கள். மறுநாளும் இதே. சாறு முழுக்க உள்ளே போனதும் விளக்கெண்ணெயை விட்டுப் பிசைந்து, இறுக்கி உருட்டி, அதன்பின் உடைக்காமல் எட்டுப் பத்து நாள் காய விடுங்கள். விளக்கெண்ணெய் பூச்சி அண்டாமல் காக்கும். உருண்டை கறுத்து, சுருங்கி, தட்டினால் கூழாங்கல் சத்தம் வர வேண்டும். அந்த வாசனைக்கு மாடிப்படி ஏறும்போதே தன் வீட்டுக் கொல்லை நினைவு வந்துவிடுகிறது என்பார் அவர். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே தெரிந்துவிடுமாம், இன்றைக்கு எங்கள் வீட்டில் வடகம் உருட்டியிருக்கிறார்கள் என்று.

உபயோகிக்கும்போது ஒரு குழம்புக்கு அரை உருண்டைக்கு மேல் வேண்டாம். நல்லெண்ணெயில், சின்னத் தீயில், உதிர்த்துப் போட்டு வெங்காயம் சிவக்கும் வரை. தீ அதிகமானால் வெந்தயம் கருகிக் கசந்துவிடும். கீரைக் கடைசலுக்கும் மீன் குழம்புக்கும் பொருத்தம். வத்தக்குழம்பில் இதைத் தாளித்து, தொட்டுக்கொள்ளக் கூழ் வற்றல் பொரித்துவிட்டால் எங்கள் இருவருக்கும் அன்றைக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

மாடி இல்லாதவர்கள் அளவைப் பாதியாக்கிக்கொண்டு, பால்கனியில் வெயில் படும் நேரம் தட்டுகளில் வைத்து, இரவில் மின்விசிறிக்கு அடியில் வைத்தால் போதும், ஒன்றிரண்டு நாள் கூடுதலாகும். குடியிருப்பின் பொது மாடி என்றால் நிர்வாகிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு கொடுங்கள்.

ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் வடகத்தைக் கும்பகோணத்துக்கும் வற்றலைக் கடலூருக்கும் அனுப்புங்கள் என்பேன், அந்தந்த வீட்டில் இல்லாததை. நாங்கள் அப்படித்தான் அனுப்புகிறோம். வடகத்தை எப்படி வேண்டுமானாலும் கட்டலாம். வற்றலுக்கு மட்டும் டப்பாவில் இடைவெளி இருக்கக் கூடாது. மேலே காகிதத்தைக் கசக்கித் திணித்து மூடுங்கள், இல்லையென்றால் போய்ச் சேரும்போது தூளாகத்தான் இருக்கும்.