கருப்பை வாய்ப் புற்றுநோய்: கொரியப் பெண்கள் தங்கள் அபாயத்தைக் கணிப்பது எப்படி?

கொரியாவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 1999-க்குப் பிறகு படிப்படியாகக் குறைந்து வந்திருக்கிறது. ஆனால் நாடு முழுவதற்குமான கணக்கு ஒரு தனிப் பெண்ணின் நிலையைச் சொல்லாது என்பதால், ஒவ்வொருவரும் தம் அபாயத்தைத் தாமே கணித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் எச்பிவி எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸ். ஏறத்தாழ எல்லாக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இதுவே மூலம். பாலுறவு வழியே பரவும் இந்த வைரஸ் பெரும்பாலோருக்குத் தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் பல ஆண்டுகள் தங்கினால்தான் ஆபத்து. கணவர் ஒருவரையே அறிந்த பெண்ணுக்கும் அவருடைய முந்தைய உறவின் வழியே தொற்று வரலாம் என்பதால், இதை ஒழுக்கத்தின் அளவுகோலாகக் கொள்வது தவறு.

அடுத்து தடுப்பூசி. 12 வயதுச் சிறுமியருக்கு அரசு 2016 ஜூன் முதல் இலவசமாகப் போட்டு வருகிறது. எனவே 2003-க்கு முன் பிறந்தவர்கள் தாம் போட்டுக்கொண்டோமா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். திட்டம் தொடங்கியபோது தரப்பட்ட ஊசிகள் எச்பிவியின் 16, 18 ஆகிய வகைகளைக் குறிவைத்தவை. கொரியாவில் அடிக்கடி காணப்படும் 52, 58 ஆகிய வகைகள் அவற்றில் இல்லை. ஊசி போட்டவரும் பரிசோதனையைக் கைவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

புகைப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பெண் புகைப்பதைச் சமூகம் ஏற்காத கொரியாவில், இல்லை என்று சொல்பவர்களின் சிறுநீரிலும் நிகோடின் தடயம் கிடைப்பதுண்டு. அதே தடயம் கருப்பை வாய்ச் சளியிலும் சேர்ந்து அங்குள்ள எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது. பல பிரசவங்கள், ஐந்து ஆண்டுக்கு மேல் கருத்தடை மாத்திரை, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவையும் கணக்கில் வர வேண்டும்.

என் பார்வையில், ஒரு பெண் தன் கையால் திருத்திக்கொள்ளக்கூடிய மிகப் பெரிய அபாயம், பரிசோதனைக்குப் போகாமலிருப்பதுதான். மகப்பேறு மருத்துவரிடம் போனால் கர்ப்பமோ என்று பிறர் சந்தேகத்தோடு பார்ப்பார்களே எனத் திருமணமாகாத பெண்கள் தயங்குகிறார்கள்; அந்தத் தயக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 20 வயது நிறைந்த பெண்களுக்கு 2016 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் (கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) இலவசம். உங்கள் குடியிருப்புப் பதிவு எண்ணில் பிறந்த ஆண்டைக் குறிக்கும் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 93 என்றால் ஒற்றைப்படை ஆண்டுகளிலும், 94 என்றால் இரட்டைப்படை ஆண்டுகளிலும் உங்கள் முறை வரும். மாதவிடாய் இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் பிறப்புறுப்பின் உட்புறத்தைக் கழுவாதீர்கள். சிறு கருவியால் பிறப்புறுப்பின் வழியை விரித்து, மென்தூரிகையைக் கருப்பை வாயில் சுழற்றிச் செல்களை எடுப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

உறவுக்குப் பின்போ, மாதவிடாய் நின்ற பின்போ இரத்தம் கசிந்தால், முறை வரும் ஆண்டுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.