ராத்தூண்டில்: நான் செய்து தொலைத்த தவறுகள்

மழை பிடித்ததும் பர்மாவில் ரங்கூனை அடுத்த சிரியம் பக்கத்து வயல்களில் விரால் ஏறத் தொடங்கும். போன வாரம் அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ராத்தூண்டில் கட்டினார்கள். அந்தியில் போட்டுவிட்டு விடிகாலையில் போய்ப் பார்க்கிற தூண்டில். நான் வெற்றிலை மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த கோணங்கித்தனமெல்லாம் ஒன்றுவிடாமல் அவர்கள் கையில் வந்துகொண்டிருந்தது. முள் மழுங்கக் கூடாது, நைலான் நரம்பு நைந்திருக்கக் கூடாது என்பதெல்லாம் ஒருநாள் போட்டாலே தெரிந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

மீனை அடியில் கட்டிப்போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பையன்கள் நீளக் கயிறு ஒன்றில் சாண் சாணாக நரம்பு தொங்கவிட்டு முப்பது முள் கட்டியிருந்தார்கள். கயிற்றின் இரண்டு முனையிலும் அரைச் செங்கல்.

"எதுக்குடா செங்கல்?"

"கயிறு அடியில படிஞ்சு கிடக்கும் மாமா. தண்ணி இழுத்துட்டுப் போகாது."

கயிறு போகாது, சரி. மீன் உயிர் போய்விடும். விரால் செவுளை மட்டும் நம்பிப் பிழைக்கிற மீன் இல்லை. செவுளுக்கு மேலே, தலைக்குள் அதற்கு ஓர் அறை இருக்கிறது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கி அதில் அடைத்துக்கொண்டு போகும். கோடையில் ஈரச்சேற்றுக்குள் புதைந்து கிடப்பதும், மழையில் வரப்பைத் தாண்டி ஊர்ந்து அடுத்த வயலுக்குப் போவதும் அந்த அறையின் தயவில்தான். மேலே வர விடாமல் பிடித்து வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். இதைச் சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள். "மீன் தண்ணியில மூழ்கிச் சாகுமா மாமா?"

நானும் அப்படிச் சிரித்தவன்தான். 40 முள் கட்டி, செங்கல் போட்டு, ஒரே ராத்திரியில் 9 விரால் எடுத்தேன். ஒன்றுகூடத் துடிக்கவில்லை. கண் பால் படர்ந்த மாதிரி வெளுத்திருந்தது. அம்மாவோடு கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனேன். மீன்காரி வாயே திறக்கவில்லை. கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள். அமுங்கிய குழி அப்படியே நின்றது. அவள் காலடியில் தகரத் தொட்டிக்குள் உயிர் விரால் வாலை அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் கூடையைக் கருவாட்டுக்காரர் பக்கம் கைகாட்டிவிட்டாள். வீடு வரும்வரை அம்மா என்னோடு பேசவில்லை.

என்ன செய்ய வேண்டும்? விராலுக்கு நீளக் கயிறே வேண்டாம். முள்ளுக்கு ஒரு மூங்கில் கழி, வரப்பில் சாய்த்து நடு. நரம்பு இரண்டு முழம் போதும். முள்ளில் இரையாக மாட்டிய தவளை தண்ணீர் மட்டத்தில் கால் உதைக்கிற அளவுக்குத் தொங்கினால் சரி. மாட்டிய மீன் நினைத்தபோது மேலே வந்து மூச்சு வாங்கும். கயிறுதான் போடுவேன் என்று அடம்பிடித்தால், காலித் தண்ணீர் பாட்டிலை மூடி இறுக்கி இடையிடையே கட்டி, கயிற்றை மிதக்க விடு. ஈயக்குண்டு பெரிதாகப் போட்டாலும் செங்கல் கதைதான். இன்னொன்று, நரம்பு எட்டுகிற வட்டத்துக்குள் ஆகாயத்தாமரை வேரோ கட்டையோ இருக்கக் கூடாது. சுற்றிக்கொண்டால் மீன் தன்னைத்தானே அடியில் கட்டிக்கொள்ளும்.

பச்சை மூங்கில்

வளைந்தால் வளைந்தபடி நிற்கும். முற்றிய மூங்கிலைப் பிளந்து, நிழலில் காயவைத்து, நுனி மெலியும்படி சீவு. நுனி வளைந்து கொடுக்காவிட்டால் விரால் ஒரே வெட்டில் உதட்டைக் கிழித்துக்கொண்டு போகும்.

ஒற்றை முடிச்சு

நைலான் நரம்பில் ஒற்றை முடிச்சுப் போட்டால் அதன் பலத்தில் பாதி போய்விடும். ஐந்து சுற்றுச் சுற்றி, எச்சில் தொட்டு இறுக்கு.

ஏற்ற வற்றம் பாராமல் நடுவது

வயலை விட்டுச் சிற்றாற்றுக்குப் போகிறவர்களுக்கு இது. ரங்கூன் ஆற்றில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அது சிற்றாறுகளுக்குள்ளும் வரும். அந்தியில் நிறைவெள்ளத்தைப் பார்த்து நட்டால், நடுராத்திரி உன் தவளை சேற்றுக்கு மேலே அந்தரத்தில் ஊஞ்சல் ஆடும். ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளி வரும், நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. நான் இதில் முழுசாக ஒரு வாரம் தொலைத்தேன். மாமனார் தினமும் வேடிக்கை பார்த்தார், சொல்லவில்லை.

எண்ணாமல் நடுவது

25 நட்டால் 25 எடு. விட்டுப்போனது எருமைக் காலில் ஏறும், இல்லையென்றால் உன் காலில்.

சிவப்புக் குஞ்சு

விரால் குஞ்சு திரளாக மிதந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்கே முள் போடாதே.

அடுத்தவன் இன்

பர்மியர் 'இன்' என்று சொல்லும் குத்தகை நீர்நிலையில் மீன் ஏலம் எடுத்தவனுடையது. வேலியில்லையே என்று நுழையாதே.

வெறுங்கால்

வரப்பில் கண்ணாடிவிரியன் கிடக்கும். டார்ச், முழங்கால் பூட்ஸ்.

பையன்கள் அன்றைக்கே கயிற்றை அவிழ்த்துக் கழி சீவ உட்கார்ந்துவிட்டார்கள். அந்த இரண்டு அரைச் செங்கல்லையும் அக்கா எடுத்துப்போய்த் துவைக்கிற கல்லுக்கு அண்டைக் கொடுத்துவிட்டாள்.