கிங்ஙைட் முறையில் ஒரு கல்லச்சு எடுப்பது எப்படி?

கனடாவின் வடபகுதியில், பாஃபின் தீவின் தென்மேற்கு முனையை ஒட்டியுள்ள கிங்ஙைட், 2020 வரை கேப் டோர்செட் என்று அழைக்கப்பட்ட, இனுயிட் பழங்குடியினரின் ஊர். அங்கே 1957-இல் அச்சுச் சோதனைகளைத் தொடங்கிய கனடிய ஓவியர் ஜேம்ஸ் ஹூஸ்டன், அடுத்த ஆண்டு ஜப்பான் சென்று உனிச்சி ஹிராட்சுகாவிடம் மர அச்சுக்கலையைப் பயின்று திரும்பினார். அந்த மரத்தின் இடத்தைக் கிங்ஙைட்டில் கல் பிடித்துக்கொண்டது; கல்லில் உருவம் செதுக்கி, மை பூசித் தாளில் ஒற்றியெடுப்பதே கல்லச்சு.

ஒரு பக்கம் தட்டையான, உள்ளங்கை அகல மாக்கல் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்; நம் கல்சட்டிகள் செய்யப்படும் அதே வகைக் கல்தான். அதன் முகத்தை நீரில் நனைத்து, உப்புத்தாளால் மட்டமாகத் தேயுங்கள். சில மாக்கற்களில் நுரையீரலுக்குக் கேடான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கக்கூடும் என்பதால், தூசு பறக்காதபடி ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

அடுத்து, உங்கள் சொந்த ஓவியத்தைக் கல்லில் இடவலமாகத் திருப்பி வரையுங்கள். இனுயிட் ஓவியர் ஒருவரின் படைப்பை அப்படியே படியெடுப்பது முறையன்று. மென்மையான கல்லில் மெல்லிய கோடுகள் உதிர்ந்துவிடும் என்பதால், அகன்ற, திண்மையான உருவமே தொடக்கத்திற்கு ஏற்றது. கிங்ஙைட்டின் இனுயிட் ஓவியர் கெனோஜுவாக் அஷெவாக்கின் 1960-ஆம் ஆண்டு ஆந்தை அச்சைப் பார்த்தால், உருவம் எவ்வளவு துணிவாகக் கல்லை நிறைக்கிறது என்பது விளங்கும். அங்கே வரைபவர் ஒருவர், செதுக்கி அச்சிடுபவர் வேறொருவர் என்பதே வழக்கம். நீங்கள் இரண்டு வேலையையும் செய்தாக வேண்டும்.

உருவத்தை மேடாக விட்டு, சுற்றியுள்ள பகுதியைச் சிற்றுளியால் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு அகற்றுங்கள். தவறி உடைந்த கல்லை ஒட்டவைக்க முயல்வதைவிட, உருவத்தையே சற்று மாற்றிக்கொள்வது நல்லது.

பிறகு, எண்ணெய் மையை உருளையால் மேட்டின்மீது மெல்லிய படலமாகப் பூசுங்கள். சிறு உருளைகளைக் கொண்டு ஒரே கல்லின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு நிறங்களையும் கொடுக்கலாம். மெல்லிய, வலுவான கைத்தாளை மேலே விரித்து, நகராதபடி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேயுங்கள். அச்சு எந்திரம் தேவையில்லை, கையழுத்தமே போதும். தாளின் ஒரு மூலையை மட்டும் மெல்லத் தூக்கிப் பார்த்து, மை மங்கலாக இருந்தால் அந்த இடத்தை மீண்டும் தேயுங்கள்.

கிங்ஙைட்டில் பொதுவாக 50 படிகள் எடுத்தபின் கல்லின் முகத்தை அழித்துவிடுவார்கள். பழகும் நீங்கள் அதே கல்லைத் தேய்த்து, அடுத்த ஓவியத்துக்குப் பயன்படுத்தலாம்.